படம் பார்க்கத்தான் வாங்கினேன்

நான் டி.வி. வாங்கியது சினிமாப் படம் பார்ப்பதற்காக. செய்திக்காக இல்லை, பிரசங்கத்துக்காக இல்லை, பொழுது போகாத கிழவிக்குப் பேச்சுத் துணையாகவும் இல்லை. படம் பார்க்க. அதுவும் படம் இழுபடாமல், தடைபடாமல், கொட்டகையில் ஓடுவது மாதிரி ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திருப்பிக்கொள்ளட்டும். கழுத்து அவர்களுடையது.

எங்கள் தெரு பாளையங்கோட்டையில் கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிறது. கோயில் என்றால் எங்களுக்கு வேதக்கோயில். வெளியூர்க்காரர்கள் சர்ச் என்பார்கள். அங்கே ஆராதனை நடத்துகிற போதகரை நாங்கள் ஐயர் என்போம். கேட்கிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். எங்களுக்கு அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே அவர் ஐயர்தான்.

என் மாமனார் உபதேசியார், ஐயருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனிக்கிறவர். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வீட்டுக்கு நான் களக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். பார்த்த படங்கள் அதைவிட அதிகம். என் அப்பாவும் வேதக்காரர்தான். ஆனால் வயலில் அறுப்பு முடிந்துவிட்டால் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு டென்ட் கொட்டகைக்குப் புறப்பட்டுவிடுவார். மணலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்போம். படம் முடிந்து வரும்போது அப்பா ஒன்றும் பேச மாட்டார். பேசினால் பார்த்தது கலைந்துவிடும் என்பதுபோல் நடந்து வருவார்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் ஒரு படத்துக்குப் போவோமா என்று கேட்டேன். அது மாமனார் காதுக்குப் போயிருக்கிறது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மாமனார் சொன்னார்.

"சினிமாக் கொட்டகைய மிதிச்ச காலு இந்த வாசல மிதிக்கப்படாது."

யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ரசத்தைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் பிறகு கேட்கவில்லை, கொட்டகையை மிதிக்கவும் இல்லை. மிதிக்காமல் இருந்ததை ஒரு நல்லொழுக்கம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது ஒரு பூட்டு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. பஸ்ஸில் ஜங்ஷனுக்குப் போகும்போது சினிமா பேனர் இருக்கிற பக்கத்து ஜன்னலில் அவர் உட்கார்ந்துகொண்டு எனக்கு அந்தப் பக்கம் தெரியாமல் மறைத்துக்கொள்வார். என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. நான் அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொள்வேன்.

காலம் போய் எங்கள் வீட்டுக்கும் ஒரு சின்ன டி.வி. வந்தது. செய்தி பார்க்க என்று சொல்லித்தான் வந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் வந்தது. அதனால் எங்கள் தெருவில் படத்துக்கே நியூஸ் என்று பேர் ஆகிவிட்டது. "என்னக்கா செய்யுதிய?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டால், "சும்மா நியூஸ் பாக்கேன்" என்று பதில் வரும். உள்ளே கதாநாயகி கதறி அழுதுகொண்டிருப்பாள். யாராவது கதவைத் தட்டினால் அழுகை பாதியில் அறுந்து, பிரசங்கம் பாதியிலிருந்து தொடங்கும். கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதே இல்லை. ஆசைப்பட்டுப் பார்க்கிறதை ஏன் வேறு பேர் சொல்லி ஒளிக்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் கொடியில் காய்கிற துணியின் நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அதே சமயத்தில் பழைய டி.வி. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது. எனக்குக் கண் வந்த நேரம் அதற்குக் கண் போய்விட்டது. அப்போதுதான் தீர்மானித்தேன். இந்தக் கண் இன்னும் எத்தனை காலம் தெளிவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இருக்கிறபோதே என் வீட்டில், என் நாற்காலியில், எல்லோரும் அறியப் படம் பார்த்துவிட வேண்டும். அதையும் படமாகவே பார்க்க வேண்டும்.

மகன் சொன்னான், "எம்மா, நான் ஒண்ணு வாங்கியாறேன். ஒனக்கு எதுக்குப் பெரிசு? நியூஸு பாக்கத்தான?"

"நியூஸு இல்லலே. படம் பாக்க. பென்ஷன் ஏம் பேருல வருது, கடைக்கும் நான்தான் வருவேன்."

அவன் கோயில் கமிட்டியில் இருக்கிறவன். அதனால் அவனுக்கு எதைக் கேட்டாலும் முதலில் பின்பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அன்றும் பார்த்தான். பின்னால் அவன் மனைவிதான் நின்றாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். நல்ல பெண், கொஞ்சம் பயந்த சுபாவம். மூன்று பேருமாக வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். ஜங்ஷனில் வாங்கி வைத்திருந்த பழைய படம் ஒன்றின் சி.டி.யை நான் கைப்பையில் எடுத்துக்கொண்டேன்.

கடையில் டி.வி. காட்டியவர் கோயம்புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மரியாதையான மனுஷர்.

"வாங்கம்மா, உக்காருங்க. எதுக்குங்க பாக்கறீங்க? நியூஸுங்களா, சீரியலுங்களா?"

"படம்."

"நியூஸுதான் சார்," என்று மகன் குறுக்கே விழுந்தான். "வயசானவிய, சும்மா சொல்லுதாவ."

"ஏலே, அவரு கேட்டது ஏங்கிட்ட."

கோயம்புத்தூர்க்காரர் மெல்லிசான ஒரு டி.வி.யைப் போட்டுக் காட்டினார். கடைக்காரர்கள் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிற காட்சி. கடலுக்கடியில் கலர் கலராக மீன்கள் போயின.

"பாருங்கம்மா, ஒவ்வொரு செதிலும் தெரியுதுங்க."

"மீனு பாக்கணும்னா உவரிக் கடக்கரைக்கு பஸ் ஏறுவேன். இந்த சி.டி.யப் போடுங்க."

போட்டார். அந்தப் படத்தில் குளத்தங்கரை மேல் ஒரு வில்வண்டி ஓடும். கேமராவும் கூடவே ஓடும். வரிசையாகப் பனைமரங்கள் பின்னால் போகும். உள்ளே இருக்கிற பெண் ஒருதடவை திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அந்த ஓட்டம்தான் கணக்கு. மெல்லிசு டி.வி.யில் ஒவ்வொரு பனையும் தன் பின்னால் இன்னொரு பனையின் நிழலை இழுத்துக்கொண்டு போனது.

"பனை ஏன் இழுவுது?" என்றேன்.

"இழுக்குதுங்களா? இருங்கம்மா, ஸ்மூத் பண்ணிடறேன்."

ரிமோட்டில் எதையோ தேடி அமுக்கினார். பனைகள் இழுபடுவது நின்றது. வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. "எவ்ளோ ஸ்மூத்துங்க, பாருங்க!" என்றார். மகனும் மருமகளும் தலையாட்டினார்கள். வழுவழுப்பு வந்துவிட்டது, படம் போய்விட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோது, சாயங்காலச் சீரியலில் மாமியாரோடு மல்லுக்கட்டுகிறவள் மாதிரி இருந்தாள். முகத்துப் பவுடர்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு முன்னறையில் யாரோ வேஷம் கட்டி நிற்பதுபோல் இருந்தது.

"என்ன பண்ணுனீய? படம் சீரியலால்லா ஆயிட்டு!"

"ஒண்ணுமில்லீங்கம்மா. சினிமாங்கறது வரிசையா ஓடற போட்டோங்க. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல டி.வி.யே சொந்தமா ஒரு படம் போட்டு நெரப்பிக்குதுங்க. அதான் வழுக்கிட்டுப் போகுது."

"எடுத்தவன் எடுக்காத படத்தையா?"

"ஆமாங்க."

"அவன் எடுக்காதத இது யாரு நடுவுல சொருவ? கழத்துங்க அத."

மகன் என் காதருகே குனிந்தான். "எம்மா, ஊருல எல்லாரும் இதத்தான் வாங்குதாவ. எவ்வளவு மெல்லிசு பாரு, செவுத்துல மாட்டிரலாம்."

"செவுத்துல மாட்ட காலண்டரு போதும்லே."

இதற்குள் மருமகளுக்கு வேர்த்துவிட்டது. கடையில் நாலு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் யாராவது நம் சபையாரா என்று அவள் கண் தேடியது. "அத்த, படம் படம்னு இப்பிடிச் சத்தமாச் சொல்லாதிய. ஞாயித்துக்கிழம கோயில்ல ஐயரு கேட்டாருன்னா நாங்க என்னன்னு சொல்லுவோம்?"

கோயம்புத்தூர்க்காரர் காதில் விழுந்தது 'கோயில்' என்பதும் 'ஐயர்' என்பதும்தான். எங்கள் நெற்றியைப் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். அவர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகமெல்லாம் பணிவு வந்தது.

"அடடா, மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா மாமி? உங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு போடறேன்."

எந்த மாமி வந்திருக்கிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர் என் சி.டி.யை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, கடையிலிருந்த டி.வி. அத்தனையிலும் வரும்படி செய்துவிட்டார். நாதஸ்வரமும் மேளமும் மணியுமாகக் கடையே அதிர்ந்தது. ஏதோ ஒரு பெரிய கோயிலில் தீபாராதனை. மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான்.

கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி எழுந்து நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். "வே கோயம்புத்தூரு! அவிய வேதக்காரவிய வே! அவிய கோயிலுன்னா சர்ச்சு. ஐயருன்னா பாஸ்டரு. மாத்தும் வே அத!"

"ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா," என்று அவர் ஓடினார்.

"மாத்தாதீங்க," என்றேன் நான்.

ஏனென்றால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். கருவறை இருட்டில் அடுக்குத் தீபம் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிசு டி.வி.களில் அந்த இருட்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. தீபம் சுற்றும்போது அதற்கு வால் முளைத்தது. கடைசி மூலையில் தூசி படிந்து, தடியாக ஒரு டி.வி. நின்றது. அதில் மட்டும் இருட்டு இருட்டாக இருந்தது. தீபம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் மட்டும் எரிந்தது. நான் எழுந்து நாற்காலிகளைத் தாண்டி அதன் முன்னால் போய் நின்றேன்.

"அத்த, அத ஏன் போயிப் பாக்கிய!" மருமகள் கண்ணைத் திறக்காமலே கத்தினாள்.

"கும்புடலட்டி. பாக்கத்தான் செய்யுதேன்."

"அது பிளாஸ்மாங்கம்மா. ஹெச்.டி.தான்," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

மருமகள் இதற்குக் கண்ணைத் திறந்துவிட்டாள். "பிளாஸ்மான்னா ரத்தத்துல உள்ளதுல்லா?"

"இது வேறங்க மேடம்."

மறுபடி என் சி.டி.யைப் போடச் சொன்னேன். வில்வண்டி ஓடியது. ஒவ்வொரு பனையும் தனியாக வந்து தனியாகப் போனது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் இப்போது பக்கத்து வீட்டுக்காரி இல்லை. எனக்கு எட்டாத ஓர் இடத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அதுதான் படம். நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கால் வலித்த பிறகுதான் நிற்கிறேன் என்பதே தெரிந்தது.

"இதக் குடுங்க," என்றேன்.

கோயம்புத்தூர்க்காரர் நேர்மையான ஆள். "அம்மா, பின்னால என்னையத் திட்டக் கூடாதுங்க. இது நல்ல கனம். சூடு கெளம்பும். கரண்டு இழுக்கும். இன்னும் கொஞ்ச வருசத்துல இது வராமயே போயிரும்னு பேசிக்கறாங்க."

"கனம், சூடு, இன்னும் கொஞ்ச வருசம். என்னையப் பத்தியும் வீட்டுல இதத்தான் பேசிக்கிடுதாவ. கட்டிப் போடுங்க."

அண்ணாச்சி மறுபடி சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது அத்தனையும் உண்மைதான். அந்தச் சாதியில் டி.வி. செய்வதையே பிறகு நிறுத்திவிட்டார்கள். சித்திரை மாதம் அதன் முன்னால் உட்கார்ந்தால் அடுப்பங்கரையில் இருப்பதுபோல் இருக்கும். ஒருதடவை பழுது பார்க்க வந்தவர், இதைத் தூக்கிப் போடுங்கள் என்றார். அவரைத்தான் அனுப்பினேன். டி.வி. இன்றைக்கும் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை. "உள்ரூம்ல வைப்போம்மா. வாரவிய போறவிய கண்ணுல படாது," என்றான் மகன். "கண்ணுல படத்தான் வாங்கினது," என்று சொல்லி முன்னறையில் தேக்கு மேஜை மேல் வைக்கச் செய்தேன்.

ஆனால் அன்றைக்கே போட்டுவிட முடியாது. எங்கள் வீடுகளில் புதுசாக எது வந்தாலும், மோட்டார் சைக்கிளோ ஃபிரிட்ஜோ, ஐயர் வந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் தொடுவோம். அதில் எனக்கும் எதிர்ப்பு இல்லை. நான் விசுவாசம் விட்டவள் இல்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. எதற்கென்று ஐயர் ஜெபம் பண்ணுகிறாரோ, அந்த டி.வி. அதற்குத்தான் என்று ஆகிவிடும். அவர் வாயால் அது பிரசங்கம் கேட்கிற டி.வி. ஆகிவிட்டால், பிறகு நான் படம் போடுவதெல்லாம் திருட்டுத்தனம். நானும் ஜன்னல் வழியாக நியூஸ் பாக்கேன் என்று சொல்ல வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயர் வந்தார். என் மகனைவிட வயது குறைந்தவர். நல்ல குரல். டி.வி.யைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பெரிசா இருக்கே! கன்வென்ஷன் ஜெபக் கூட்டமெல்லாம் அம்மா வீட்டுல இருந்தே பாக்கலாம்லா."

"அதுக்குத்தான் ஐயா வாங்கினது," என்றான் மகன்.

"இல்ல ஐயா. அவன் சும்மா சொல்லுதான். சினிமாப் படம் பாக்க வாங்கினது."

அடுப்பங்கரையில் மருமகள் காப்பி ஆற்றுகிற சத்தம் நின்றது. ஐயர் பைய ஒரு சிரிப்புச் சிரித்து எனக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார்.

"இடையில நியூஸும் பாப்பிய, இல்லியாம்மா?"

"அது வந்தா வரட்டும். வாங்கினது படத்துக்கு."

"அப்படிச் சொல்லி நான் எப்பிடிம்மா ஜெபம் பண்ண? பொதுவாப் பண்ணிருதேன்."

"பொதுவா வேண்டாம் ஐயா. பொதுவாப் பண்ணினா இவன் நாளைக்கு அத நியூஸுன்னு ஆக்கிருவான்."

"எம்மா!" என்று பல்லைக் கடித்தான் மகன்.

"அப்ப நான் என்னதான் செய்ய?" ஐயர் கையை விரித்தார்.

"நீங்க நில்லுங்க ஐயா, போதும். நானே பண்ணிக்கிடுதேன்."

ஐயர் இருக்கிற இடத்தில் வேறொருவர் ஜெபம் பண்ணுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் நான் முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடிவிட்டேன். ஜெபம் தொடங்கிவிட்டால் யாரும் குறுக்கே பேசக் கூடாது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். கண்ணு ரெண்டையும் திரும்பத் தந்தீரு, ஸ்தோத்திரம். இந்த டி.வி.யத் தந்தீரு, ஸ்தோத்திரம். இதுல நான் படம் பாக்கப் போறேன். ஒமக்குத் தெரியாம ஒண்ணும் பாக்கல. நல்ல படமாக் காட்டும். படம் ஓடுத நேரத்துல கரண்டு போகாமப் பாத்துக்கிடும். இயேசுவின் நாமத்தில் கேக்கோம் பிதாவே."

"ஆமென்," என்றான் மகன். "ஆமென்," என்றாள் அடுப்பங்கரை வாசலில் நின்ற மருமகள். அவர்கள் இரண்டு பேர் குரலையும் அமுக்கிக்கொண்டு, பிரசங்க பீடத்தில் நின்று சொல்லிப் பழகிய குரலில் ஐயரும் "ஆமென்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். ஐயர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது வரை சிவந்திருந்தது. பிதாவே என்று முடித்தால் எங்கள் ஆட்களுக்கு ஆமென் தானாக வந்துவிடும். மனசைக் கேட்டுக்கொண்டு வாய் சொல்வதில்லை.

"வாயில வந்துட்டும்மா," என்றார்.

"வந்தது வந்ததுதான் ஐயா. ஐயரு ஆமென் சொன்ன ஜெபமாச்சே, இனி யாரு என்ன கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன்."

அவர் என் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகு ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சு வச்சுக்கிடுங்கம்மா. தெரு கேக்கும்," என்றார்.

"சத்தத்தப் பத்தி ஜெபத்துல ஒண்ணும் சொல்லலியே ஐயா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மோட்டார் சைக்கிளை மிதித்தார். நான் உள்ளே வந்து ரிமோட்டை எடுத்தேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் பாட்டுச் சத்தம் அவரைத் தாண்டிப் போயிருக்கும்.